அன்னப்பூரணிக்குத் தரப்படாத புள்ளி

என் கடையில் இரண்டு போட்டோக்கொப்பி மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று வேலை செய்கிறது. மற்றது அதற்குத் துணையாக நிற்கிறது. கடைக்கு நேர் மேலே, மாடியில், முனாஸ் சேரின் ஆங்கில வகுப்பு. அவர் கொடுக்கிற பயிற்சித்தாள் எல்லாம் என் கையால்தான் பெருகும். மெஷின் ஓடுகிற நேரம் சும்மா நிற்க முடியாமல் அவற்றை வாசிப்பேன். அப்படித்தான், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆதம்பாவாவாகிய எனக்கு உலகத்து அதிசயங்கள் எல்லாம் அத்துப்படியாயின. ஒக்டோபஸுக்கு மூன்று இதயம். வௌவாலுக்குக் காதுதான் கண். பென்குயின் ஆண்தான் முட்டையைக் காலில் வைத்து அடைகாக்கும். தேனீ ஆடிக்காட்டித்தான் பூவுக்கு வழி சொல்லும். இவற்றில் ஒன்றாவது இந்த ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எங்கே உதவியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இங்கிலீசு படிக்க எதற்கு பென்குயின் என்று முனாஸ் சேரிடம் ஒருநாள் கேட்டேன். மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"அது பொது விஞ்ஞானம் காக்கா. எல்லாருக்கும் பொதுவான விசயம். ஒருத்தருக்கும் முதலே தெரிஞ்சிருக்காது. அப்பதான் வாசிச்சு விளங்கினாங்களா எண்டு பாக்கலாம்."

ஒருவருக்கும் தெரியாத விஷயம் எப்படி எல்லோருக்கும் பொதுவான விஷயமாகும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் மாடிப்படி ஏறிவிட்டார். நல்ல மனிதர்தான். தன்னிடம் படிக்கிறவர்கள் பாஸாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

அந்த மாடிக்குப் போன வருடம் பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அன்னப்பூரணி வந்தாள். வயது நாற்பத்திரண்டு. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய மகள் கஜானியின் வயதுக்காரர்கள். மீதிப்பேர் வெளிநாட்டுக்குப் பறக்க இறக்கை கட்டிக்கொண்டிருந்தவர்கள். அன்னம் பறப்பதற்காக வரவில்லை. தன் படகில் தொடர்ந்து இருப்பதற்காக வந்தாள்.

அவளுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் அதை நீட்டிச் சொன்னதே இல்லை. புருஷன் சுதாகரன் வாவியில் மீன் பிடித்தவன். எங்கள் வாவி மாரியில் ஊதிப்போகும். வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிடும். அப்போது முகத்துவாரத்தில், வாவியையும் கடலையும் பிரித்துக்கொண்டு கிடக்கிற மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டின உடனே வாவி முழுவதும் கடலுக்கு ஓடப் பார்க்கும். இறாலும் அதோடு ஓடும். இறாலுக்குப் பின்னால் மனிதர்களும் ஓடுவார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படி ஓடிய படகுகளில் சுதாகரனுடையதும் ஒன்று. படகு அன்றைக்கே கரையொதுங்கியது. சுதாகரனை மூன்றாம் நாள்தான் கடல் திருப்பித் தந்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அன்னம் அந்தப் படகில் ஏறினாள். பொம்பிளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட சொந்தக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அதற்குப் பதிலாக வேறொரு வேலையைக் கையில் கொண்டு வந்து கேட்கவில்லை. முதலில் நண்டுக் கூடு போட்டாள். பிறகு ஒருநாள் இரண்டு வெள்ளைக்காரர்கள் கரையில் நின்று, குருவி பார்க்கக் கூட்டிப் போவாயா என்று கையால் கேட்டார்கள். இவளும் கையால் ஓமென்றாள். அன்றிலிருந்து ஆறு வருடம், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்டல் காட்டுக்குள் ஆட்களை ஏற்றிக் காட்டுவதுதான் தொழில். அதற்கு அவள் பாவித்த ஆங்கிலம் மொத்தம் மூன்று. 'பேர்ட்.' 'குரோக்கடைல்.' 'நோ ஹாண்ட்.' குருவியைக் காட்ட ஒன்று, முதலையைக் காட்ட ஒன்று, முதலையைக் கண்டதும் தண்ணீருக்குள் கை வைக்காதே என்று சொல்ல ஒன்று. ஆறு வருடத்தில் ஒரு வெள்ளைக்காரருடைய விரல்கூடக் குறையவில்லை.

இது ஓர் அலுவலகத்துக்குப் பொறுக்கவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அவர்களும் என் கடையில்தான் கொப்பி எடுக்கிறார்கள். வாவியில் உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற ஒவ்வொரு படகிலும் 'இயற்கை வழிகாட்டி' அட்டை உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். அடுத்த ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, அட்டை இல்லாத படகு ஆள் ஏற்றினால் படகைக் கரையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அட்டை கிடைக்க வேண்டுமென்றால் ஆங்கில வாசிப்புப் பரீட்சை. ஐம்பது கேள்வி. முப்பது சரியென்றால் சித்தி. வருடத்துக்கு இரண்டு தரம் வைப்பார்கள், ஜூனிலும் ஒக்டோபரிலும். நீந்தத் தெரியுமா என்று ஒரு கேள்வியும் கிடையாது. படகு ஓட்டத் தெரியுமா என்றும் இல்லை. அதெல்லாம் தண்ணீரில் விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்னத்துக்கு அந்தப் படகை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. கஜானி உயர்தரப் பரீட்சை எடுக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆகவே பென்குயினைப் படிக்க வந்தாள்.

முதல் மாதம் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் அடிக்கடி கேட்கும். கடலுக்குள் ஓடுகிற நீரோட்டங்களைப் பற்றி ஒரு பந்தி. அதில் 'கரண்ட்' என்ற சொல் பத்து இடத்தில் வருகிறது. கடலுக்கடியில் இவ்வளவு கரண்ட் ஓடினால் மீனெல்லாம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று அன்னம் கேட்டாளாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் கீழே நின்று சிரிக்கவில்லை. அதே பந்தியை நாற்பது கொப்பி எடுக்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன். அடிக்கடி கரண்ட் வெட்டுகிற ஊரில், கடலுக்கு மட்டும் இருபத்து நாலு மணித்தியாலமும் கொடுக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

சொல் விளங்காததைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். அன்னத்துக்கு வந்த வில்லங்கம் வேறு. ஒவ்வொரு பந்திக்கும் கீழே சில வசனங்கள் இருக்கும். அவை 'ட்ரூ'வா, 'ஃபோல்ஸ்'ஸா, 'நொட் கிவன்'னா என்று அடையாளம் போட வேண்டும். முதலிரண்டும் விளங்கின. சரி, பிழை. மூன்றாவதில்தான் படகு தரை தட்டியது. வகுப்பு முடிந்து கீழே இறங்கி வந்து, என் கடை வாசலில் நின்று முனாஸ் சேரை மறித்தாள்.

"சேர், நொட் கிவன் எண்டா?"

"தரப்படல்ல எண்டு அர்த்தம் அக்கா."

"ஆர் தரல்ல?"

"பந்தி தரல்ல. கேள்வியில கேட்ட விசயம் பந்தியில இல்லாட்டி நொட் கிவன் போடணும்."

"பந்தி தராட்டி என்ன சேர்? எனக்குத் தெரியுந்தானே."

"உங்களுக்குத் தெரிஞ்சது கணக்கில்ல அக்கா."

அன்னம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பகிடி விடுகிறாரா என்று பார்த்தாள் போலிருக்கிறது. முனாஸ் சேர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

ஜூன் பரீட்சையில் பதினேழு புள்ளி. வினாத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், விடைத்தாளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஆகவே முனாஸ் சேர் அதைக் கடை மேசையில் விரித்து வைத்து, எதற்கு என்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நண்டைப் பற்றி ஒரு பந்தி. நண்டு வளர வளர ஓட்டைக் கழற்றும் என்று இருந்தது. ஓடு கழற்றின நண்டு சில நாளைக்கு மெத்தென்று இருக்கும் என்பது கேள்வி. அன்னம் 'ட்ரூ' போட்டிருந்தாள்.

"பந்தியில அப்பிடி இல்லையே அக்கா."

"ஓடு கழட்டின நண்டு பஞ்சுதானே சேர்? அமத்தினா விரல் உள்ள போகும். சந்தையில ஒருத்தனும் வாங்கமாட்டான். உலகத்துக்கே தெரியும்."

"உலகத்துக்குத் தெரியலாம். பந்திக்குத் தெரியா."

"அப்ப பந்தி எழுதின ஆள் நண்டு புடிக்காத ஆளா?"

முனாஸ் சேர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மிகவும் அன்பாக, பொறுமையாக, அவளுக்கு உலகத்திலேயே கஷ்டமான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். "நீங்க ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி வாசிக்கணும் அக்கா. வாவியே பாத்திராத ஆள் மாதிரி. நண்டே கண்டிராத ஆள் மாதிரி."

வகுப்பில் மற்றவர்களுக்கு இது மிக இலேசாக வந்தது. அவர்களுக்கு ஆண்டவன் ஏற்கெனவே எல்லா வசதியும் செய்து கொடுத்திருந்தான். அன்னத்துக்குத்தான் நாற்பத்திரண்டு வருடம் தெரிந்துகொண்டதையெல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாடிக்கு ஏற வேண்டியிருந்தது.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. ஜூலை முழுவதும் ஆகஸ்ட் முழுவதும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் தீவில் இறக்கிவிட்டு, அவர்கள் படம் எடுத்து முடிகிற வரைக்கும் படகில் இருந்து பயிற்சித்தாளை வாசித்தாள். தாள் நனையாமல் இருக்க நான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். வௌவால், தேனீ, எரிமலை, திமிங்கிலம், பனிக்கரடி. தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்து, கரைக்கு வந்ததும் கஜானியிடம் கேட்பாள். முதலில் பென்குயினில் தேறினாள், ஏனென்றால் பென்குயினை அவள் உண்மையிலேயே கண்டதில்லை. பிறகு மெல்ல மெல்ல, கண்டவற்றையும் காணாததுபோல் வாசிக்கப் பழகினாள்.

செப்டம்பரில் ஒருநாள் முதலையைப் பற்றிய பந்தியோடு வந்தாள். முதலை கூச்ச சுபாவம் உள்ள பிராணி, படகுகளைக் கண்டால் விலகிப் போகும் என்று அதில் இருந்தது. அவளுடைய துடுப்பில் கூச்ச சுபாவம் உள்ள ஒரு முதலையின் பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. கேள்வியைப் பார்த்தேன். அன்னம் அழகாக 'ட்ரூ' போட்டிருந்தாள்.

"இது ட்ரூவா புள்ள?" என்று கேட்டேன்.

"பந்தியில ட்ரூ காக்கா" என்று சிரித்தாள்.

முனாஸ் சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயிற்சித்தாள்களில் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று வாங்கத் தொடங்கினாள். எனக்கும் சந்தோஷம்தான். இனி ஜனவரி வந்தாலும் படகுக்கு ஒன்றும் ஆகாது என்று நானே அவளிடம் சொன்னேன். நான் சொன்னது பிழையாகிப் போனது.

ஒக்டோபர் பரீட்சைக்கு முனாஸ் சேரும் இருந்தார். வினாத்தாள் எப்படி வருகிறது என்று பார்த்து வைத்தால் அடுத்த வகுப்புக்கு உதவும் என்று விண்ணப்பம் போட்டிருந்தார். மூன்று கிழமையில் முடிவு வந்தது. முனாஸ் சேருக்கு நாற்பத்தெட்டு. அன்னத்துக்கு இருபத்தொன்பது.

ஒரு புள்ளி. அடுத்த பரீட்சை அடுத்த ஜூனில். சட்டம் வருகிறது ஜனவரியில்.

மறுபடியும் கடை மேசை, மறுபடியும் வினாத்தாள். இந்தத் தரம் கடைசிப் பந்தி எங்கள் வாவியைப் பற்றியது. அலுவலகத்துக்குத் திடீரென்று ஊர்ப்பற்று வந்திருந்தது. மழைக்காலத்தில் மணல் திட்டு வெட்டப்படுகிறது, வாவி மெல்ல அமைதியாகிறது, சிறு படகுகள் முகத்துவாரத்தைப் பாதுகாப்பாகக் கடந்து அழகிய கடற்காட்சியை ரசிக்கின்றன என்று எழுதியிருந்தது. நாற்பத்தோராம் கேள்வி: திட்டு வெட்டிய பிறகு சிறு படகுகள் முகத்துவாரத்தைப் பாதுகாப்பாகக் கடக்கலாம்.

"இதுக்கு என்ன போட்டீங்க அக்கா?" என்று முனாஸ் சேர் கேட்டார்.

"ஃபோல்ஸ்."

அவர் பேனையை வைத்தார். அவருக்குச் சுதாகரனின் கதை தெரியாது. தெரியாததால் வழக்கம்போலவே கேட்டார். "பந்தி விளங்கல்லையா?"

அன்னம் தாளை எடுத்தாள். அந்த ஆங்கில வசனத்தைத் தட்டுத் தடங்கலில்லாமல் ஒருதரம் வாசித்தாள். பிறகு சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னாள். நான் எட்டு மாதத்தில் கேட்ட அவளுடைய வாசிப்பில் அதுதான் மிகத் திறமானது.

"விளங்கித்தான் போட்டன் சேர். அவர் என்ன எழுதியிருக்கார் எண்டு நல்லா விளங்கினது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அலுவலகத்தின் மேல் அல்ல, அவள் மேல்தான். "ஒரு கோடு புள்ள! முதலைக்குப் போட்ட மாதிரி இதுக்கும் ஒரு கோடு போட்டிருந்தா இண்டைக்கு அட்டை கையில. எட்டு மாசம் படிச்சது எல்லாம் என்னத்துக்கு?"

"கை வரல்ல காக்கா" என்றாள். "பென்சிலை ட்ரூவுக்கு மேல கொண்டு போய் வைச்சன். முதலைக்கு வந்த கை இதுக்கு வரல்ல. அந்தத் தண்ணி நல்ல தண்ணி எண்டு நானே எழுதிக் குடுத்தா, அந்த மனிசன் என்னத்துக்குச் செத்தார்?"

முனாஸ் சேர் என்னைப் பார்த்தார். அவள் முகம் கழுவப் பின்பக்கம் போனபோது நான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் திரும்பி வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அதுக்கு ட்ரூ போட்டன் அக்கா" என்றார்.

"நீங்க சரியாத்தானே சேர் போட்டீங்க" என்றாள் அன்னம். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பம் போட்டோம். கடிதத்தை நான்தான் தட்டெழுதினேன். முனாஸ் சேர் ஆங்கிலத்தைத் திருத்தினார். நவம்பரில் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அலுவலக அறை குளிரூட்டப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே வாவி, வாவி நிறையக் கொக்கு. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கொக்கை வைத்திருந்தார்கள்.

உத்தியோகத்தர் பெயர் நிதுர்ஷன். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று இருக்கை காட்டினார். திட்டுவதற்கு ஆயத்தமாக வந்த எனக்கு அது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அம்மா, உங்கட விடைத்தாளை நான் பாத்தன். நாங்க வாவியைப் பற்றிச் சோதினை வைக்கல்ல. வாசிப்பைப் பற்றித்தான் வைச்சம். பந்தியில பாதுகாப்பு எண்டு கிடக்கு. அப்ப ட்ரூதான் விடை."

"பந்தி பிழை சேர்."

"பந்தி பிழையா இருக்கலாம் அம்மா. விடை சரி."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. அதைவிடக் கேவலம், அவர் சொன்னது நியாயம். அது வாசிப்புப் பரீட்சை. எட்டு மாதமாக முனாஸ் சேர் சொன்னதும் அதுதான், நான் நாற்பது நாற்பதாகக் கொப்பி எடுத்ததும் அதைத்தான்.

அன்னம் விடவில்லை. "பந்தி ஆர் சேர் எழுதின?"

"நான்தான். இன்டர்நெட்டில எடுத்துக் கொஞ்சம் திருத்தினன்."

"நீங்க முகத்துவாரம் வெட்டுறதப் பாத்திருக்கீங்களா?"

"படத்தில பாத்திருக்கன்." கொஞ்சம் நெளிந்தார். "உல்லாசப் பயணிகள் பயப்படப்படாது எண்டு மேலிடத்தில சொன்னாங்க. அதுதான் கொஞ்சம் மெதுவா எழுதினன்."

அப்போதுதான் அவள் சுதாகரனைப் பற்றிச் சொன்னாள். அழவில்லை. மூன்று வசனம். வெட்டினது எத்தனை மணிக்கு, படகு புரண்டது எந்த இடத்தில், ஆள் கிடைத்தது எந்தக் கரையில். நிதுர்ஷன் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. உண்மையாகவே மாறியது, நான் பார்த்தேன்.

"மிச்சம் கவலையா இருக்கு அம்மா" என்றார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "ஆனா அதுக்குப் புள்ளி போட ஏலாதுதானே" என்றார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. 'மாற்றம் இல்லை.' இரண்டே சொல். அதை வாசித்து விளங்குவதற்கு ஒரு வகுப்பும் தேவைப்படவில்லை.

டிசம்பர் கடைசியில் அன்னம் மாடிப்படியில் முனாஸ் சேரைப் பிடித்தாள். சட்டத்தை அவள் நன்றாக வாசித்திருந்தாள். அட்டை உள்ள ஒருவர் படகில் 'இருக்க வேண்டும்' என்றுதான் எழுதியிருந்தது. படகை ஓட்டுவது யார் என்று பந்தி தரவில்லை. "நீங்க வந்து சும்மா இருந்தாப் போதும் சேர். மிச்சத்த நான் பாக்கிறன்."

இப்படித்தான், குளத்துத் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியிராத முனாஸ் சேர் எங்கள் வாவியின் இயற்கை வழிகாட்டி ஆனார். அவருடைய அட்டையை நான்தான் லமினேட் பண்ணிக் கொடுத்தேன். படகின் பக்கத்தில் சுதாகரனின் பெயர் எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழே, 'வழிகாட்டி: முனாஸ்' என்று பலகை வந்தது. அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மிதப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வருவார். படகில் ஏறினால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வார். பயணிகள் ஏதாவது கேட்டால், கண்டலைப் பற்றித் தெரியாததால் தெரிந்ததைச் சொல்வார். இந்த வாவியில் ஒக்டோபஸ் இல்லை, ஆனால் ஒக்டோபஸுக்கு மூன்று இதயம். பயணிகள் கைதட்டுவார்கள். பின்னால் இயந்திரத்தோடு இருக்கிற பெண்பிள்ளை கையை நீட்டி முதலையைக் காட்டினால், அதைப் படம் எடுத்துக்கொண்டு முனாஸ் சேருக்கு நன்றி சொல்வார்கள். அவருக்கு அது வெட்கமாக இருந்தது. என்னிடம் வந்து பலதரம் சொல்லிவிட்டார். அன்னத்துக்கு எப்படி இருந்தது என்று அவள் சொல்லவில்லை. பலகை எழுதின அன்று, ஈரத் துணியால் சுதாகரனின் பெயரில் இருந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் கொட்டித் தீர்த்த மழை அன்றுதான் விட்டு வெயில் எறித்தது. அதற்கு முதல்நாள் முகத்துவாரத்தை வெட்டியிருந்தார்கள். வகுப்புக்கும் லீவு, என் கடைக்கும் ஆள் இல்லை. நான் கரைக்குப் போய், படகில் இடம் இருந்தால் ஒரு சுற்று வரலாமே என்று நின்றேன். அப்போது ஒரு வான் வந்து நின்றது. நிதுர்ஷன் இறங்கினார். பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது இருக்கும், சின்னவனுக்கு ஐந்து.

அவர் எங்களை அடையாளம் கண்டார். முனாஸ் சேரின் அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டிய கடமையும் அவருக்கு இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த அட்டையில் அவருடைய கையெழுத்துத்தான் இருந்தது. எல்லோரும் ஏறினோம். அன்னம் பிள்ளைகளுக்குத் தானே மிதப்புச் சட்டை மாட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்தாள். நாற்பது நிமிடம் கண்டலுக்குள் சுற்றினோம். நீர்க்காகம், நாரை, ஒரு நடுத்தர முதலை. முனாஸ் சேர் பென்குயினைப் பற்றிச் சொன்னார். சின்னவனுக்கு அதுதான் பிடித்தது.

திரும்புகிற நேரம் பெரியவள் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கடலுக்குள்ள போவமா? நீங்க சொன்னீங்கதானே, படகிலயே கடலுக்குப் போகலாம் எண்டு?"

மனைவியும் சிரித்துக்கொண்டு, "அரை மணித்தியாலந்தானே, காட்டிட்டு வருவமே" என்றாள்.

முனாஸ் சேர் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அட்டை வைத்திருக்கிறவர் அவர். பதில் சொல்ல வேண்டியவரும் அவர். "சேர், அது வந்து, பந்தியில..." என்று தொடங்கினார்.

நிதுர்ஷன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் முனாஸ் சேரைப் பார்க்கவில்லை. என்னையும் தாண்டி, படகின் பின்பக்கம் திரும்பினார். தண்ணீரை ஒருதரம் பார்த்தார். மகனை ஒருதரம் பார்த்தார். அலுவலகத்தில் 'அம்மா' என்று அழைத்த வாயில் இப்போது வேறு சொல் வந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அங்கால போகலாமா?"

அன்னம் இயந்திரத்தை நிறுத்தினாள். ஆனால் படகு நிற்கவில்லை. இயந்திரம் இல்லாமலே முகத்துவாரப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரியட்டும் என்று, கரையில் விலகிப் போகிற மரங்களைக் கையால் காட்டினாள்.

"போகப்படாது சேர். நேத்துத்தான் வெட்டியிருக்காங்க. இஞ்சயே இப்பிடி இழுக்குது, வாயில எப்பிடி இழுக்கும்? புள்ளைகளைக் கொண்டு போனா திருப்பிக் கொண்டு வர ஏலா."

"சரி அக்கா. வேணாம். திருப்புங்க" என்றார் நிதுர்ஷன். அவசரமாகச் சொன்னார். ஏன், என்ன, எங்கே எழுதியிருக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்னம் அவரை நேராகப் பார்த்தாள்.

"நாப்பத்தோராம் கேள்விக்கு நான் இதைத்தான் எழுதினன் சேர். நீங்க பிழை போட்டீங்க."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இயந்திரத்தைப் போட்டு, படகைக் கரைப்பக்கம் திருப்பினாள்.